மூன்று சொலிசிட்டர்கள், ஒரு சீதன வீடு

கேள்வி: நாங்கள் நீண்ட காலமாக மேற்கு லண்டனில் வாடகைக்கு இருக்கிறோம். இப்போது ஹேய்ஸில் மூன்று அறை வீடு ஒன்றுக்கு 450,000 பவுண் கேட்டு, எங்கள் ஓஃபரை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். தங்களுடைய சொலிசிட்டரை (சட்டத்தரணியை) எடுத்தால் காரியம் கெதியாக முடியும், இல்லாவிட்டால் விற்பவர் யோசிக்கக்கூடும் என்கிறார் எஸ்டேட் ஏஜென்ட். கணவரின் சித்தப்பா, தனக்கு விசா வேலை செய்துகொடுத்த தமிழ் சொலிசிட்டரிடம் போகச் சொல்கிறார். இணையத்தில் 499 பவுணுக்கு ஒரு நிறுவனம் இருக்கிறது. யாரிடம் போவது? முற்பணத்தில் 20,000 பவுண் கனடாவில் உள்ள என் அண்ணா தருகிறார், 12,000 சீட்டுக் காசு, மிச்சம் எங்கள் சேமிப்பு. கணவரின் அம்மாவும் எங்களோடுதான் இருப்பார். யாழ்ப்பாணத்தில் எனக்குச் சீதனமாக எழுதிய வீடு ஒன்று இருக்கிறது, அதில் அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள்; அது இதற்குத் தேவையில்லை என்று நினைக்கிறேன். மூன்று கோட்டேஷன்களையும் வீட்டு விளம்பரத்தையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

சகோதரி, கேட்ட கேள்விக்கு வருவதற்கு முன், தேவையில்லை என்று நீங்கள் ஒதுக்கிய அந்தச் சீதன வீட்டைப் பற்றிப் பேசிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் அதிகச் செலவு வைக்கக்கூடிய விஷயம் அதுதான்.

இங்கிலாந்தில் முதன்முறையாக வீடு வாங்குபவருக்கு, வீடு வாங்கும்போது கட்டும் வரியான ஸ்டாம்ப் டியூட்டியில் சலுகை உண்டு. விலை 500,000 பவுணைத் தாண்டாவிட்டால் முதல் 300,000க்கு வரி இல்லை, அதற்கு மேலுள்ளதற்கு 5 வீதம். உங்கள் வீட்டுக்கு அது 7,500 பவுண். ஏஜென்ட் கணக்குச் சொல்லியிருந்தால் அதுவும் இதுவாகத்தான் இருக்கும். ஆனால் முதன்முறை என்பதை உலகம் முழுவதற்கும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். யாழ்ப்பாணமோ சென்னையோ டொரொன்டோவோ, காசு கொடுத்து வாங்கியதோ, பெற்றோர் எழுதித் தந்ததோ, முதுசமாக வந்ததோ, ஒரு வீடு எப்போதாவது உங்களுக்குச் சொந்தமாக இருந்திருந்தால் இந்தச் சலுகை கிடையாது. இருவர் சேர்ந்து வாங்கும்போது ஒருவருக்கு இல்லையென்றால் இருவருக்கும் இல்லை. அப்போது வரி 12,500 ஆகிவிடும்.

அதோடு நின்றால் பரவாயில்லை. வேறொரு வீடு இன்னும் கையில் இருக்க இங்கே இன்னொன்றை வாங்குபவர்கள், முழு விலைக்கும் மேலதிகமாக 5 வீதம் கட்ட வேண்டும். 2024 அக்டோபர் 31இலிருந்து இதுதான் விகிதம். அந்த வேறு வீட்டில் உங்களுக்குள்ள பங்கின் பெறுமதி 40,000 பவுணோ அதற்கு மேலோ இருந்தால் இந்த விதி பிடிக்கும். இலங்கைக் காசில் அது ஒன்றரைக் கோடி ரூபாவுக்குக் கொஞ்சம் மேல். யாழ்ப்பாணத்தில் காணி விலை இன்று எப்படி இருக்கிறது என்பது எனக்கு நீங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. விதி பிடித்தால் 22,500 கூடி, மொத்த வரி 35,000 பவுண். நீங்கள் ஒதுக்கிவைத்திருக்கும் 7,500க்கும் இதற்கும் இடையில் 27,500 பவுண் வித்தியாசம்.

இதைக் கேட்டவுடன் வீட்டில் யாராவது ஒரு யோசனை சொல்வார்கள்: அப்படியென்றால் கணவர் பெயரில் மட்டும் வாங்குங்கள். சேர்ந்து வாழும் கணவன் மனைவியை இந்த மேலதிக வரிக்கு ஒரே ஆளாகத்தான் பார்க்கிறார்கள், ஆகவே உங்கள் பெயரை எடுத்துவிட்டாலும் யாழ்ப்பாண வீடு கணக்கில் வரும். வரியும் மிஞ்சாது, வீட்டில் உங்கள் பெயரும் இருக்காது.

பார்க்க வேண்டியது உறுதியை (வீட்டுப் பத்திரத்தை). சீதன உறுதிகளில் பெற்றோர் தங்களுக்குச் சீவிய உரித்தை (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை) ஒதுக்கிவைப்பது நம் ஊரில் வழக்கம். உங்கள் உறுதியில் அப்படி ஒரு வாசகம் இருந்தால், வரிக்கு அந்த வீடு இப்போது யாருடையது என்ற கேள்விக்கே வேறு பதில் வரலாம். அதை நான் கடிதத்தைப் பார்த்துச் சொல்லக் கூடாது. உறுதியின் முழுப் பிரதியையும் மொழிபெயர்ப்பையும் வைத்துக்கொண்டு ஒரு வரி ஆலோசகர்தான் சொல்ல வேண்டும். வீடு வாங்கும் வேலை செய்கிற சொலிசிட்டர்களில் பலர் இந்த மாதிரிச் சிக்கலான வரிக்கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டார்கள், தங்கள் ஒப்பந்தக் கடிதத்திலேயே அதை எழுதியும்விடுவார்கள். அது அவர்கள் குறையில்லை. தங்களுக்குத் தெரியாததை வேறொருவரிடம் அனுப்புகிறார்களா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைக்க வேண்டாம். சொலிசிட்டர் அனுப்பினாலும் ஸ்டாம்ப் டியூட்டிப் படிவம் உங்கள் வாக்குமூலம். வேண்டுமென்றே மறைத்ததாகத் தெரிந்தால் வரித் திணைக்களம் 20 வருடம் பின்னோக்கிப் போய்க் கேட்கலாம், அபராதமும் வட்டியும் வேறு.

சரி, இப்போது உங்கள் கேள்வி. நீங்கள் அனுப்பிய மூன்று கோட்டேஷன்களையும் பார்த்தேன். மூன்றிலும் ‘முதன்முறை வாங்குபவரா? ஆம் / இல்லை’ என்று ஒரு கட்டம் இருக்கிறது, நீங்கள் ‘ஆம்’ போட்டிருக்கிறீர்கள். வேறு நாட்டில் வீடு உண்டா என்று மூவரில் ஒருவரும் கேட்கவில்லை.

முதலில் ஏஜென்ட் சொல்லும் நிறுவனம். ஏஜென்ட் விற்பவருடைய ஆள்; ஏஜென்டுக்குச் சம்பளம் கொடுப்பவர் விற்பவர்தான். உங்களை அந்த நிறுவனத்துக்கு அனுப்பினால் ஏஜென்டுக்குப் பெரும்பாலும் ஒரு தொகை கிடைக்கும். அது சட்டவிரோதம் இல்லை, ஆனால் எவ்வளவு என்று ஏஜென்டும் சொலிசிட்டரும் உங்களிடம் சொல்லியாக வேண்டும். கேளுங்கள். ‘எங்கள் சொலிசிட்டரை எடுக்காவிட்டால் விற்பவர் யோசிப்பார்’ என்ற பேச்சுத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. தங்கள் சேவையை எடுக்கவில்லை என்பதற்காக ஒரு வாங்குபவரை ஏஜென்ட் பாரபட்சமாக நடத்தக் கூடாது என்று 1991ஆம் ஆண்டிலிருந்தே விதி இருக்கிறது. இரண்டு வரியில் ஒரு மின்னஞ்சல் போதும்: ‘நாங்கள் வேறு சொலிசிட்டரை நியமிக்கிறோம். எங்கள் ஓஃபரில் அதனால் மாற்றம் இல்லை என்பதை விற்பவருக்குத் தெரியப்படுத்தவும்.’ அதற்குப் பிறகு அந்தப் பேச்சு அநேகமாக எழாது.

ஏஜென்ட் சொன்னார் என்பதற்காக அந்த நிறுவனம் கூடாது என்றும் ஆகாது. சில நல்லவை, சில கோப்புகளை அடுக்கிவைத்துத் தள்ளுகிற தொழிற்சாலைகள். ஒன்றை மட்டும் கேட்டுவிடுங்கள்: விற்பவருக்கும் நீங்கள்தான் வேலை செய்கிறீர்களா? ஊரில் ஒரே நொத்தாரிசு இரண்டு பக்கத்துக்கும் உறுதி எழுதுவது சாதாரணம், அதனால் இது நமக்குப் பெரிதாகத் தெரியாது. இங்கே வாங்குபவருக்கும் விற்பவருக்கும் தனித்தனி ஆள் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. விற்பவர் மறைக்க விரும்புவதைத் தோண்டி எடுப்பதுதான் உங்கள் சொலிசிட்டரின் வேலையே.

சித்தப்பாவின் சொலிசிட்டர். விசா வேலையில் அவர் கெட்டிக்காரராக இருக்கலாம், எனக்குச் சந்தேகம் இல்லை. தமிழில் பேசி விளங்கிக்கொள்ள முடிவது பெரிய வசதி. நீங்கள் கையெழுத்து வைக்கும் ஒவ்வொரு தாளும் விளங்க வேண்டும். ஆனால் வீடு வாங்கும் வேலை தனி வேலை. அவரிடம் இரண்டு கேள்வி. வாரத்தில் எத்தனை வீட்டுக் கோப்பு பார்க்கிறீர்கள்? உங்கள் நிறுவனம் எங்கள் மோர்ட்கேஜ் (வீட்டுக் கடன்) வங்கியின் பேனலில், அதாவது அது ஏற்றுக்கொண்ட சட்ட நிறுவனங்களின் பட்டியலில், இருக்கிறதா? இந்த இரண்டாவது கேள்வியில்தான் பல சிறிய அலுவலகங்கள் விழுந்துவிடுகின்றன. ஒரேயொரு சொலிசிட்டர் நடத்தும் அலுவலகங்களைச் சில வங்கிகள் ஏற்பதே இல்லை. பேனலில் இல்லாவிட்டால் வங்கி தனக்கென்று வேறு சட்ட நிறுவனத்தை வைக்கும், அதற்கும் நீங்களே கட்டணம் கட்டுவீர்கள், காலமும் இழுபடும். ‘பேனலில் சேர விண்ணப்பித்திருக்கிறோம்’ என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். சித்தப்பா கோபிப்பார். வங்கி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடலாம், அது பொய்யும் இல்லை.

மூன்றாவது, அந்த 499 பவுண். நீங்கள் முதல் பக்கத்தை மட்டும் பார்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ளதைக் கூட்டினேன். மோர்ட்கேஜ் வேலைக்கு 195, நன்கொடைப் பணம் ஒருவருக்கு 95, ஸ்டாம்ப் டியூட்டிப் படிவத்துக்கு 90, அடையாளச் சோதனை இருவருக்கும் 50, இரண்டு வங்கிப் பரிமாற்றத்துக்கு 84, பதிவு விண்ணப்பத்துக்கு 35. எல்லாம் சேர்த்து 1,048, அதற்கு மேல் 20 வீத வாட் வரி. ஆக 1,257 பவுண் 60 பென்ஸ். ஏஜென்டின் நிறுவனம் எல்லாம் அடங்க 1,350, வாட் சேர்த்தால் 1,620. சித்தப்பாவின் ஆள் 900, வாட்டோடு 1,080; ஆனால் அதில் என்ன அடங்கும் என்று ஒன்றுமே எழுதவில்லை. மலிவாகத் தெரிந்தது உண்மையில் நடுவில்தான் நிற்கிறது. இதற்கு மேல் உள்ளூராட்சி, தண்ணீர், சுற்றுச்சூழல் தேடல்கள் (வீட்டைப் பற்றிய பதிவுச் சோதனைகள்), லேண்ட் ரெஜிஸ்ட்ரி என்ற காணிப் பதிவகத்தின் கட்டணம் எல்லாம் யாரிடம் போனாலும் வரும் செலவு, அவற்றை ஒப்பிட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். சொலிசிட்டர் நிறுவனங்கள் வீட்டு வேலைக்கான கட்டணத்தைத் தங்கள் தளத்திலேயே வெளியிட வேண்டும் என்பது 2018 டிசம்பரிலிருந்து விதி. வாயால் சொன்ன தொகையை அதோடு ஒத்துப்பாருங்கள்.

மூன்றில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள்? நான்காவதாக, உங்கள் பகுதியில் வீட்டு வேலையையே முழுநேரமாகச் செய்யும் ஓர் அலுவலகத்தைத் தேடுங்கள். (என்னிடம் வரச் சொல்ல மாட்டேன், வாசகருக்குப் பதில் எழுதுகிறவர் ஆள் பிடிக்கக் கூடாது.) சொலிசிட்டராகத்தான் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. லைசென்ஸ்ட் கன்வேயன்சர் என்று இந்த ஒரு துறையிலேயே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களை மேற்பார்க்க தனிக் கவுன்சில் உண்டு. சொலிசிட்டர் என்றால் அவர்களை மேற்பார்க்கும் சொலிசிட்டர்ஸ் ரெகுலேஷன் அதாரிட்டியின் பதிவேட்டில் பெயரைத் தேடுங்கள். லோ சொசைட்டி (சொலிசிட்டர்களின் சங்கம்) வீட்டு வேலைக்குத் தரும் தரச் சான்றான கன்வேயன்சிங் குவாலிட்டி ஸ்கீமில் அந்த நிறுவனம் இருக்கிறதா என்றும் பாருங்கள். நல்ல சொலிசிட்டருக்கு அது உத்தரவாதம் ஆகாது, ஆனால் பல வங்கிகள் எதிர்பார்க்கும் தகுதி அது.

தொலைபேசியில் பேசும்போது நான்கு விஷயம் கேட்டால் போதும். என் கோப்பைப் பார்ப்பவர் பெயர் என்ன, அவர் தகுதி என்ன? அவர் விடுமுறையில் போனால் யார் பார்ப்பார்? மின்னஞ்சலுக்கு எத்தனை நாளில் பதில் வரும்? வெளிநாட்டில் இருந்து வரும் நன்கொடைப் பணத்தை ஏற்பீர்களா? இந்தக் கடைசிக் கேள்வி உங்களுக்கு முக்கியம், சில நிறுவனங்கள் ஏற்பதில்லை, சில வங்கிகளும் ஏற்பதில்லை. பிறகு சீதன வீட்டைச் சொல்லுங்கள். ‘ஓ, அது இலங்கையில்தானே, பிரச்சினை இல்லை’ என்று யார் சொன்னாலும் அவர் உங்களுக்கு வேண்டாம். ‘கொஞ்சம் பொறுங்கள், அது யார் பெயரில், எப்போது எழுதியது?’ என்று கேட்பவரிடம் வேலையைக் கொடுங்கள், கட்டணம் இருநூறு முந்நூறு கூடினாலும்.

பணத்துக்கு வருவோம். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டு ஆதாரம் வாங்க வேண்டியது சட்டப்படி சொலிசிட்டரின் கடமை. நம்மவர்கள் இதில்தான் அதிகம் கோபப்படுகிறார்கள்: என்னைக் கள்ளன் என்று நினைக்கிறாரா என்று. எல்லோரிடமும் கேட்பார்கள். நம்மிடம் பதில் சொல்லக் கொஞ்சம் அதிக நேரம் எடுக்கிறது, ஏனென்றால் நம் பணம் ஒரே கணக்கில் இருப்பதில்லை.

அண்ணாவின் 20,000 சுலபமானது. அவர் தன் சொந்த வங்கிக் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு அனுப்பட்டும். உண்டியல் (வங்கி வழியல்லாத பணப் பரிமாற்றம்) வேண்டாம், இங்குள்ள ஒருவர் கையில் கொடுத்து அவர் உங்களுக்குப் போடுவதும் வேண்டாம். அவருடைய கடவுச்சீட்டின் உறுதிப்படுத்திய பிரதி, அந்தப் பணம் அவரிடம் சேர்ந்ததைக் காட்டும் வங்கி அறிக்கைகள், பிறகு ஒரு கடிதம்: இது நன்கொடை, திருப்பிக் கேட்க மாட்டேன், வீட்டில் எனக்குப் பங்கு இல்லை. அந்தக் கடிதத்தில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். ‘அண்ணா கேட்க மாட்டார், ஆனால் நாங்கள் மெல்ல மெல்லக் கொடுத்துவிடுவோம்’ என்று உங்கள் வீட்டில் ஒரு பேச்சு இருக்கிறதா? இருந்தால் அது கடன். கடனை நன்கொடை என்று எழுதி வங்கிக்குக் கொடுப்பது மோசடி, அண்ணாவும் அதில் மாட்டுவார். கடன் என்றே வங்கியிடம் சொல்லி, ஒத்துக்கொள்கிறார்களா என்று பாருங்கள். உண்மையிலேயே நன்கொடை என்றால், இந்தக் கடிதத்தின் அர்த்தத்தை அண்ணியும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. நாளைக்கு அவர்கள் வீட்டில் பணத்தேவை வந்தால் முதலில் கேள்வி வரும் இடம் அதுதான்.

சீட்டுக் காசுதான் தலையிடி. இந்த நாட்டுச் சொலிசிட்டர்கள் பலருக்குச் சீட்டு என்றால் என்னவென்றே தெரியாது. அவர் பார்ப்பது உங்கள் வங்கி அறிக்கையில் திடீரென்று விழுந்த ரொக்கப் பணத்தை மட்டும்தான். ஆகவே அவர் கேட்பதற்கு முன் நீங்களே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். எத்தனை பேர் சேர்ந்த சீட்டு, மாதம் எவ்வளவு, எந்த மாதம் தொடங்கியது, நீங்கள் எந்த மாதம் எடுத்தீர்கள், கழிவு எவ்வளவு போனது. சீட்டு நடத்துபவரிடம் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றும், மாதாமாதம் நீங்கள் கட்டியது கணக்கில் தெரிகிற அறிக்கைகளும் வேண்டும். பணம் இன்னும் ரொக்கமாக வீட்டில் இருக்கிறது என்றால், துண்டு துண்டாகப் பல நாட்களில் கணக்கில் போடாதீர்கள், வங்கி அதைத்தான் சந்தேகமாகப் பார்க்கும். முதலில் சொலிசிட்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

இன்னொன்று. சீட்டு முடிந்து கடைசியில் எடுத்தது என்றால் அது உங்கள் சேமிப்பு. முன்னதாகக் கேட்டு எடுத்துவிட்டு இன்னும் மாதம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் அது கடன்தான், வங்கியிடம் கொடுத்த செலவுக் கணக்கில் அந்த மாதத் தொகையும் இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மோர்ட்கேஜ் எடுத்துத்தந்த புரோக்கரிடம் இந்த வாரமே பேசுங்கள். ஆதாரம் காட்டவே முடியாத பணம் என்றால் இந்த வீட்டுக்குள் அதைக் கொண்டுவராதீர்கள். 12,000 குறைவாக வாங்குவது, பாதி வழியில் கோப்பு நின்றுபோவதைவிட மேல்.

மாமியார் பற்றி ஒரு வார்த்தை. உங்களோடு வசிக்கப்போகும், 17 வயதோ அதற்கு மேலோ ஆன, பெயர் பத்திரத்தில் இல்லாத எவரும் வங்கிக்கு ஒரு படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டிவரும்: வங்கியின் உரிமை என் உரிமைக்கு முன் என்று. அவருக்கு அதைத் தனியாக ஒரு சட்ட ஆலோசகர் விளக்க வேண்டும் என்று சில வங்கிகள் கேட்கும். கடைசி வாரத்தில் இது தெரியவந்தால் ஓட்டம்தான்.

வேலை தொடங்கிய பிறகு, சொலிசிட்டர் உங்கள் வீட்டை ஒருநாளும் பார்க்கப்போவதில்லை என்பதை நினைவில் வைத்திருங்கள். அவர் பார்ப்பது தாள். வீட்டைப் பார்த்தவர் நீங்கள். அவர் அனுப்பும் லேண்ட் ரெஜிஸ்ட்ரி வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு ஹேய்ஸுக்குப் போய், சிவப்புக் கோடும் வேலியும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கத்து ஷெட் கோட்டுக்கு உள்ளேயா, கார் நிறுத்தும் இடம் கோட்டுக்குள் வருகிறதா, பக்கத்து வீட்டோடு பொது வழி இருக்கிறதா? ஒத்துவராததைப் படமெடுத்து அனுப்புங்கள். விற்பவர் நிரப்பும் டிஏ6 என்ற படிவமும் உங்களிடம் வரும். அயலவரோடு தகராறு, செய்த கட்டட வேலைகள், வெள்ளம் எல்லாம் அதில்தான். ‘தெரியாது’ என்று பதிலளித்த இடங்களுக்கு அடையாளம் போட்டு, ஏன் தெரியாது என்று கேட்கச் சொல்லுங்கள். எதை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பது டிஏ10இல் இருக்கும். வீடு பார்த்தபோது உங்களுக்குப் பிடித்துப்போன பெரிய குக்கர் (சமையல் அடுப்பு) அதில் இல்லாவிட்டால் அது வராது.

நீங்கள் அனுப்பிய விளம்பரத்தில் என் கண்ணில் பட்டது ஒன்று. மூன்று படுக்கையறை என்று போட்டுவிட்டு, மேலே கூரைக்குள் இருப்பதை மட்டும் ‘லொஃப்ட் ரூம்’ என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் படுக்கையறை என்று எழுதாததற்குக் காரணம் இருக்கும். கட்டட விதிகளின்படி முடித்ததற்கான சான்றிதழ் இருக்கிறதா என்று சொலிசிட்டர் கேட்பார். இல்லையென்று வந்தால், விற்பவர் தரப்பு ஒரு காப்புறுதி எடுத்துத் தருகிறோம் என்பார்கள், அது வழக்கம். இந்த இடத்தில் ஆர்வக்கோளாறில் நீங்களே உள்ளூராட்சிக் கவுன்சிலுக்குப் போன் எடுத்துக் கேட்டுவிடாதீர்கள். கவுன்சிலுக்கு விஷயம் தெரிந்துவிட்டால் அந்தக் காப்புறுதியை எடுக்க முடியாமலே போகும். ஆனால் அந்தக் காப்புறுதி, கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வரும் நட்டத்துக்கு மட்டும்தான். ஏணிப்படி சரியில்லை, மேல் தளம் பாரம் தாங்காது என்பதற்கு அது ஒன்றும் தராது. அதைச் சொல்ல வேண்டியவர் சர்வேயர். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வங்கிக்காகப் பார்க்கிறவர், அவரை நம்பி இருக்காமல் தனியாக ஒரு சர்வே எடுங்கள். லொஃப்ட் ரூம் உள்ள வீட்டுக்கு மிக விரிவான மூன்றாம் நிலைச் சர்வேயே நல்லது.

சொலிசிட்டரோடு பழகும் விதம். தினமும் போன் எடுப்பவர்களின் கோப்பு வேகமாக நகரும் என்று நினைப்பது தவறு; போனில் பேசும் நேரத்தில் அவர் கோப்பைப் பார்த்திருக்கலாம். வாரத்தில் ஒரு நாள், உங்கள் கேள்விகள் எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் எண்ணிட்டு அனுப்புங்கள். அவர் கேட்டதை அன்றே கொடுங்கள். கணவர் ஒன்று, நீங்கள் ஒன்று, சித்தப்பா ஒன்று என்று மூன்று பேர் பேசாமல் ஒருவர் பேசுங்கள். இரண்டு வாரம் சத்தமே இல்லை என்றால், ‘இப்போது யாருடைய பதிலுக்குக் காத்திருக்கிறோம்?’ என்ற ஒரு கேள்வியைக் கேளுங்கள். பெரும்பாலும் கவுன்சில் தேடலோ விற்பவர் தரப்போ தாமதமாக இருக்கும். மூன்று, நான்கு மாதம் ஆவது சாதாரணம்.

எக்ஸ்சேஞ்ச், அதாவது கையெழுத்திட்ட ஒப்பந்தங்களைப் பரிமாறிக்கொள்வது, ஆகும்வரை இரண்டு பக்கமும் விலகலாம், ஒரு சதம் நட்டஈடு கிடையாது. எக்ஸ்சேஞ்ச் ஆனபின் விலகினால் விலையில் 10 வீதம், உங்கள் கணக்கில் 45,000 பவுண், போய்விடும். வீட்டுக் காப்புறுதியும் வழக்கமான ஒப்பந்தப்படி அன்றிலிருந்தே உங்கள் பொறுப்பு. ஆகவே எக்ஸ்சேஞ்சுக்கு முன் சொலிசிட்டர் அனுப்பும் அறிக்கையை இருவரும் இருந்து வாசியுங்கள். விளங்காததற்கு அப்போதுதான் கேட்க வேண்டும். வேலையை விடுவதோ புதிய கார் லோனோ இந்த இடைவெளியில் வேண்டாம்.

பால் காய்ச்ச நல்ல நாள் பார்த்துவிட்டீர்கள் என்று எனக்கு ஒரு யூகம். எக்ஸ்சேஞ்சுக்கு முன் யாருக்கும் நாள் சொல்ல வேண்டாம். கம்ப்ளீஷன், அதாவது மிச்சப் பணம் கட்டி வீடு கைமாறுவது, வங்கி திறந்திருக்கும் நாளில்தான் நடக்கும், விற்பவரின் சொலிசிட்டர் கணக்கில் காசு விழுந்த பிறகே ஏஜென்ட் சாவியைத் தருவார், அது காலை பதினொரு மணியாகவும் இருக்கலாம், பின்னேரம் மூன்றாகவும் இருக்கலாம். சுபநேரத்தைச் சொல்லிச் சொலிசிட்டரை நெருக்காதீர்கள். செவ்வாயோ புதனோ சாவியை வாங்கி வையுங்கள், நல்ல நாளில் பால் காய்ச்சுங்கள். வெள்ளிக்கிழமையைத்தான் எல்லோரும் கேட்பார்கள், அன்றைக்குப் பணம் வராமல் போனால் திங்கள்வரை சாமான்களோடு நிற்க வேண்டும்.

பணம் அனுப்பும்போது ஒரு எச்சரிக்கை. ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று சொலிசிட்டர் பெயரில் மின்னஞ்சல் வந்தால் அது கள்ளர் வேலை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலை உடைத்து, சரியாக முற்பணம் அனுப்பும் நாளில் இப்படி எழுதுவார்கள். எழுத்து, கையொப்பம், கோப்பு இலக்கம் எல்லாம் சரியாக இருக்கும். முதல் நாள் தந்த ஒப்பந்தக் கடிதத்தில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு நீங்களே எடுத்து, கணக்கு எண்ணை வாயால் ஒப்பிட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

சொலிசிட்டரில் குறை இருந்தால் முதலில் அவர் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். எட்டு வாரத்தில் சரியான பதில் இல்லையென்றால் சட்ட சேவை முறைப்பாடுகளை விசாரிக்கும் லீகல் ஓம்புட்ஸ்மனிடம் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

கம்ப்ளீஷன் முடிந்து 14 நாட்களுக்குள் ஸ்டாம்ப் டியூட்டி கட்டிப் படிவம் போக வேண்டும், அதைச் சொலிசிட்டர் செய்வார். அவர் அனுப்புவதற்கு முன் நிரப்பிய படிவத்தை உங்களுக்குக் காட்டச் சொல்லி, வேறு வீடு பற்றிய பதிலை நீங்களே வாசியுங்கள். அதன் பிறகு உங்கள் பெயர் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் ஏறச் சில வாரமும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம், பதறத் தேவையில்லை. பெயர் ஏறியதும் வரும் பிரதியில் இருவர் பெயரும் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நம் பெயர்களில் தகப்பன் பெயரும் சொந்தப் பெயரும் முன்பின்னாக மாறுவது நடக்கிற காரியம், அப்போதே திருத்தினால் சுலபம். லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் ப்ராப்பர்ட்டி அலர்ட் சேவையில் வீட்டைப் பதிந்துவையுங்கள். இலவசம்தான், உங்கள் வீட்டின் பதிவில் யாராவது கை வைக்கப் பார்த்தால் மின்னஞ்சல் வரும்.